வரைபடத்தில் இல்லாத ஆள்

கிதாருக்கு எந்தக் கண்டென்சர் போட்டால் ஓசை இனிக்கும் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள். பச்சை நிறமா, பழுப்பு நிறமா, எண்ணெயில் ஊறியதா என்று என் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் சண்டை போடுகிறீர்கள். நான் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. இருந்தும் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இதில் இருக்காது. பிடிக்கவில்லை என்றால் காப்பியைக் குடித்துவிட்டுத் தாராளமாகக் கிளம்பலாம்.

அரியலூர் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவதும் மைக் செட்காரர்களின் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்வதும் என் தொழில். பொம்பளை நடத்தும் கடை என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள், அங்கே இரண்டு முறை கட்டி இரண்டு முறையும் எரிந்துபோன மோட்டாரை மூன்றாவது முறை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரட்டும் என்று நான் காத்திருந்தேன். எனக்கு அந்த அளவுக்குத் திமிர் உண்டு. அந்தத் திமிரால் ஒரு ஆள் சாகப் பார்த்தான். அந்தக் கதைதான் இது.

தொண்ணூறுகளின் கடைசியில் லப்பைக்குடிகாட்டு ஜாபர் ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெரம்பலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பவன், இருபத்து மூன்று வயது. குழுவை நடத்தும் மாஸ்டர், சொந்தக் கிதார் இருப்பவனுக்குத்தான் இனிமேல் மேடை என்று சொல்லிவிட்டாராம். வளைகுடாவில் இருந்த அவன் அண்ணன் முழுக் கிதாரை அனுப்பப் பயந்தார். காரணம், வீட்டில் அத்தாவுக்கு, அவர்கள் அப்பாவுக்கு, பாட்டென்றாலே ஆகாது. அதனால் சோப்புக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவே உதிரி சாமான்களாக அனுப்பியிருந்தார்.

"அத்தா பார்த்தா ரேடியோ சாமான்னு சொல்லிக்கலாம்க்கா. அண்ணன் சொல்லிக் குடுத்தாரு," என்றான் ஜாபர்.

"கிதாரோட பாடி?"

"குன்னத்துல கதவு நெலை செய்யுற ஆசாரிகிட்ட படத்தக் காட்டினேன். பலா மரத்துல அறுத்துக் குடுத்துட்டாரு. களுத்து பழைய கிதார்லேருந்து களட்டினது."

சாமான்களைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். இங்கே உங்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எந்த ஊர் பெயர் அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள். தின்னரில் நனைத்த துணியால் சாமான் மேலிருக்கும் எழுத்தைத் துடையுங்கள். எழுத்து அழிந்து அடியில் வேறு எழுத்து தெரிந்தால் அது மாறுவேடம் போட்ட சரக்கு. சின்னக் காந்தத்தைச் சாமானின் கால் கம்பியருகே கொண்டுபோங்கள். ஓடி வந்து ஒட்டினால் அது செம்பு இல்லை, இரும்பு, விலை குறைக்கச் செய்தது. வால்யூம் கண்ட்ரோலைக் காதோடு வைத்துத் திருப்பிப் பாருங்கள், உள்ளே உரசல் கேட்டால் வாங்காதீர்கள். ஜாபரின் பார்சலில் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் மட்டும் உருப்படியாக இருந்தது. வால்யூம் கண்ட்ரோல்கள் முதுகு திறந்தவை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ஊரில் அவை ஒரு மாதம் தாங்காது, தூசி ஏறிக் கரகரவென்று கத்தும். அண்ணன் பாவம், பெட்டியைப் பார்த்து ஏமாந்திருந்தார். திருச்சிக்குப் போய் மூடி போட்ட ரகமாக நானே வாங்கி வந்தேன்.

எல்லாம் பூட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். நம் தொழிலில் அதற்கு ஹம் என்று பெயர். கம்பி உட்காரும் இரும்புப் பட்டையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து எர்த் முனையில் ஈயம் வைத்தேன். ஜாபர் கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குழாயை மூடியது போல் நின்றுவிட்டது. கிதார் செய்பவர்கள் எல்லோரும் செய்வதுதான், நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அன்று என் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி ஜாபர் வாசித்துக் காட்டினான், நான் கல்லாவில் உட்கார்ந்து மகாராணி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருமானூர் பக்கம் ஒரு திருவிழாவில் முதல் கச்சேரி. என்னையும் கூப்பிட்டிருந்தான். பொழுது சாயும்போது ஆரம்பித்தார்கள். மேடைக்குப் பின்னால், குழுவின் கிதார் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மூன்றாவது பாட்டில் ஜாபர் கோரஸ் பாட மைக்கிடம் போனான். அவன் உதடு மைக்கைத் தொட்டது. பாட்டு வரவில்லை. உடம்பு விறைத்து, கிதார் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே, கண் மேலே செருகி நின்றான். கீழே இருந்தவர்கள் ஆட்டம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

டிரம்ஸ்காரர் அவனைப் பிடித்து இழுக்க எழுந்து ஓடினார். "தொடாதீங்க. தொட்டா நீங்களும் போயிடுவீங்க," என்று கத்தினேன். ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்ச் அதன் முன்பக்கம், மேடையைப் பார்த்து இருந்தது, சுற்றிப் போக நேரமில்லை. ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பலகையில் ஒரு சாக்கெட். பிளக் இல்லை. இரண்டு ஒயரையும் தோல் சீவி ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சி சொருகி இறுக்கியிருந்தார்கள். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். தீக்குச்சிகள் தெறித்தன. ஜாபர் மூட்டை மாதிரி விழுந்தான்.

உயிர் இருந்தது. உதட்டில் வெள்ளையாக ஒரு கொப்புளம், இடது கை விரல்களில் கம்பி கம்பியாகச் சூட்டுத் தடம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் மாஸ்டர் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொம்பள கையால செஞ்ச சாமான். நான் அப்பவே சொன்னேன், கேட்டானா?"

மறுநாள் காலையில் மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "உங்க ஆம்ப்ளிஃபயரத் தொறக்கணும்," என்றேன். முடியாது என்றார். திறக்காமல் போகமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். பதினோரு மணிவாக்கில் அவர் மனைவியே அதைத் தூக்கி வந்து வைத்தார். உள்ளே, கரண்ட் வரும் ஒயருக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே இரைச்சலை வடிக்க ஒரு சின்னக் கண்டென்சர் வைத்திருந்தார்கள். மலிவுச் சரக்கு. அது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு வெறும் கம்பியாகிவிட்டிருந்தது. எர்த் ஒயரோ கிடையாது. எந்த ஒயர் எந்த ஓட்டைக்குப் போகிறது என்பது அன்றன்றைக்குத் தீக்குச்சி சொருகுகிறவரின் இஷ்டம். அன்றைக்கு அது மாறிப்போய், பெட்டி முழுக்கக் கரண்ட். பெட்டியிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து கிதார் கம்பி, கம்பியிலிருந்து ஜாபரின் விரல். மைக் செட்காரரோ தன் பெட்டிக்கு ஒழுங்காக எர்த் கொடுத்திருந்தார். உதடு மைக்கைத் தொட்டதும் வழி முழுசாகிவிட்டது.

மீட்டரை வைத்துக் காட்டியதும் மாஸ்டர் குரல் இறங்கியது. "அப்ப உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா," என்றார். ஜாபரும் ஆஸ்பத்திரியில் அதையே சொன்னான். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகச் சொன்னான். "உங்களால என்னக்கா. அவங்க பொட்டி கெட்டுக் கெடந்துருக்கு."

எல்லோரும் விடுதலை கொடுத்துவிட்டார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டி கெட்டது அவர்களுடையது, சரி. பெட்டியிலிருந்து அவன் கைவரைக்கும் பாதை போட்டுக் கொடுத்தது யார்? என் ஒயர். குழாயை மூடியது போல் இரைச்சலை நிறுத்திய அதே ஒயர்.

சிமெண்ட் ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் அவ்வப்போது என் கடைக்கு வருவார். அவசரத்துக்கு ஃப்யூஸ் வாங்குவார், அதிகம் பேசமாட்டார். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்டதில்லை, சார் என்றே கூப்பிட்டுவிட்டேன். அவரிடம் கிதாரின் சர்க்யூட்டைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"எங்கயும் தப்பில்ல சார். எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. பாருங்க."

அவர் பார்த்தார். காகிதத்தைத் திருப்பியும் பார்த்தார். "ஆள் எங்கம்மா?"

"எந்த ஆளு?"

"வாசிக்கிறவன். கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்ல. அவனும் இந்த சர்க்யூட்ல ஒரு பார்ட்டுதான். அவனை மட்டும் வரையாம விட்டுட்டீங்களே."

பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் ஒரு வட்டம் போட்டு, கீழே கோடு இழுத்து, கை கால் வரைந்தேன். ஒரு கை கம்பியில், வாய் மைக்கில், கால் தரையில். இத்தனை நாளும் நான் இனிமைக்கு ஒரு கண்டென்சர், சத்தத்துக்கு ஒரு கண்ட்ரோல் என்று பொறுக்கிப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன், நடுவில் நிற்கும் மனுஷனுக்கு ஒன்றுமே போடவில்லை.

"அந்த ஒயர வெட்டி நடுவுல ஒரு கண்டென்சரும் ரெசிஸ்டரும் வைங்க," என்றார் அவர். "கரண்டு வந்தாலும் சுருக்குனு குத்தும், அவ்வளவுதான். ஆனா சாதாரண கண்டென்சர் வேணாம். கெட்டா உள்ள அறுந்து தொறந்துக்கணும், ஒட்டிக்கிட்டு கரண்டுக்கு வழி விடக் கூடாது. அப்படி ஒரு ரகம் இருக்கு. தேடுங்க." ஃப்யூஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேடினேன். கடைக்காரர்கள் கிதாருக்கா என்று கேட்டுவிட்டு, "இதுல டோன் வராதுக்கா, இதை எடுத்துக்குங்க," என்று வேறு எதையோ நீட்டினார்கள். டோன் எனக்கு வேண்டாம் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கிடைத்த ரகத்தில் எல்லாம் கொஞ்சம் வாங்கி வந்தேன். நானே காயில் கட்டிய டிரான்ஸ்ஃபார்மரில், அவை தாங்கும் அளவுக்கு மேலே வோல்டேஜை ஏற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்து ஒவ்வொன்றாகச் சாகடித்தேன். சில வெடித்தன. எழுத்து மாற்றி அச்சடித்தவை எல்லாம் சத்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்டன. பெரிய கம்பெனிப் பெயர் போட்டதிலும் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு ரகம் மட்டும் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே திறந்துகொண்டது. சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து வாங்குகிறீர்கள். எப்படிச் சாகிறது என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். என் ஆயுளில் நான் கற்ற தொழில் முழுவதும் அந்த ஒரு வாரத்தில் கற்றதுதான்.

ஜாபரின் கிதாரைத் திரும்பப் பிரித்தேன். ஒயரை வெட்டி அந்தக் கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் வைத்தேன். கை படும் இடத்தில் இரும்பே இருக்கக் கூடாது என்று திருகாணிகள் முதல் கேபிள் சொருகும் தட்டு வரை பிளாஸ்டிக்காக மாற்றினேன். கடைசியில், யாரும் அதைக் கழற்றி ஒயரை நேராகச் சேர்த்துவிடக் கூடாது என்று இரண்டு ட்யூப் கலக்கும் பசையை ஊற்றி, எல்லாவற்றையும் ஒரே கட்டியாகப் பூசிவிட்டேன். பின்மூடியின் உள்பக்கம் சர்க்யூட் படத்தை ஒட்டினேன், அதில் ஆளும் இருந்தான்.

ஒரு குறை இருந்தது, மறைக்கவில்லை. ஹம் முழுக்கப் போகவில்லை. அடியில் லேசாக ஒரு முனகல் நின்றது. மேடையில் அது தெரியாது. ஆனால் சில மாதங்களில் மாஸ்டருக்குத் திருச்சியில் ஒரு கேசட் ரெக்கார்டிங் வாய்ப்பு வந்தது. ஒலிப்பதிவு செய்கிறவர் கிதாரைக் கேட்டுவிட்டு, இந்த முனகல் இருந்தால் ஆகாது என்று சொல்லிவிட்டார். ஜாபர் பஸ் பிடித்து ஓடி வந்தான்.

"அக்கா, ஒரே ஒரு நாளைக்கு நேராச் சேத்துக் குடுங்க. ரெக்கார்டிங் முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம்."

"முடியாது."

"அங்க எர்த்து எல்லாம் சரியா இருக்கும்க்கா. நான் பாடக்கூட மாட்டேன். மைக்கே கெடையாது."

"அங்க சரியா இருக்கும். அதுக்கு மறுநாள் நீ எங்க வாசிப்பேன்னு எனக்குத் தெரியுமா? திரும்பப் போட நீ வருவியா? முனகல் போயிட்டா யாரு வருவா?"

"கேசட்டுல என் பேரு வரும்க்கா. கேசட்ட அத்தா கையில குடுத்து, இதான் நான்னு சொல்லலாம்னு இருந்தேன்." கிதாரை என் பக்கமிருந்து இழுத்துக்கொண்டான். "உங்களுக்குப் பயம். உங்க பேரு கெட்டுடும்னு பயம்."

"ஆமா, பயம்தான்," என்றேன். "உன் ஒதட்டப் போயி கண்ணாடில பாரு. அந்தப் பயம்."

கிதாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவன் பக்கம் நின்று யோசித்தால் எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பெரம்பலூரில் ரேடியோ டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் நேராக என் கடைக்கு வந்து இறங்கினார். தொப்பை பெரிய ஆள். மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்னம்மா இது, கிதாரா, சமாதியா? அந்தப் பையன் கொண்டாந்தான். உள்ள பாத்தா சிமெண்டு ஆலையையே ஊத்தி வச்சிருக்கீங்க. உளி வச்சாலும் பலகைதான் பேந்து வருது. ஹம்மு போகணும்னா ஒரு ஒயரு. ஒரே ஒரு ஒயரு. இதுகூடத் தெரியாமத்தான் கடை வச்சிருக்கீங்களா?"

மாஸ்டரின் பெட்டியிலிருந்து எடுத்த செத்த கண்டென்சரை ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். கடையில் இருந்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரில் அதை வைத்து, இரண்டு ஒயரையும் தீக்குச்சியால் சாக்கெட்டில் சொருகினேன். பல்பின் ஒரு முனையை எர்த்திலும் இன்னொரு முனையைப் பெட்டியிலும் வைத்தேன். எரியவில்லை. அவர் சிரித்தார். ஸ்விட்சை அணைத்து ஒயர்களை மாற்றிச் சொருகி மறுபடி போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இப்ப இதுல ஒரு கிதாரச் சொருகுறேன். நீங்க சொன்ன மாதிரி நேரா ஒரு ஒயரு. கம்பியப் பிடிங்க," என்றேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிடிக்க மாட்டீங்கல்ல? அவன் மட்டும் பிடிக்கணுமா?"

குனிந்து பல்பைப் பார்த்தார். "ஆனாலும் ஹம்மு வருதேம்மா," என்றார், அவ்வளவு பலமாக இல்லை.

"வரட்டும்."

அவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். கேசட்டில் வேறு ஒருவர் கிதார் வாசித்தார். ஜாபர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவன் உயிரோடு இருந்தான், எனக்கு அது போதும். பிறகு அவனும் வளைகுடா போய், திரும்பி வந்து, லப்பைக்குடிகாட்டில் பாத்திரக் கடை வைத்தான். பெருநாளன்று போன் செய்வான். கிதாரைப் பற்றிப் பேசமாட்டோம்.

எனக்கு வந்த நஷ்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிசைக் குழுக்காரர்கள் நடுவே என் வேலைக்கு முனகல் கிதார் என்று பட்டப்பெயர் விழுந்தது. கிதாருக்கு ஒயர் போட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், முனகும், கட்டியை எடுக்கமாட்டேன் என்று. பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கட்டி ஒரு முறையாவது வேலை செய்ததா, யாரையாவது காப்பாற்றியதா என்று கேட்டால், தெரியாது. அப்படி ஒன்று நடந்ததாக ஒருவரும் வந்து சொல்லவில்லை. சுருக்கென்று குத்தியிருக்கும், கையை உதறிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள். நன்றி சொல்ல அவர்களுக்குக் காரணமே தெரிந்திருக்காது.

கடையை மூடுவதற்கு முந்தின வருடம், உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். மாதா கோவிலில் பாட்டுக்குக் கிதார் வாசிப்பவர். கையில் ஒரு வீட்டுத் தயாரிப்புக் கிதார். நான் செய்தது இல்லை, பார்த்ததும் தெரிந்தது.

"கொஞ்சம் முனகுதுங்க. உள்ள ஒரு கட்டி இருக்கு, அதை எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்க."

பின்மூடியைக் கழற்றினேன். வேலை சுத்தமாக இருந்தது. கம்பிக்குப் போகும் ஒயரில் பசையால் பூசிய கட்டி, என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சர்க்யூட் படம். அதில் ஒரு ஆள் நின்றான், ஒரு கை கம்பியில், வாய் மைக்கில், கால் தரையில். அந்த ஆளுக்குத் தொப்பை வரைந்திருந்தது.

செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. மூடியைத் திருப்பிப் பூட்டினேன்.

"இதை எடுக்கலாங்க. ஆனா நான் எடுக்க மாட்டேன்," என்றேன்.

வாத்தியார் அலுத்துக்கொண்டார். "பெரம்பலூர்ல செஞ்சவரும் இதையேதாங்க சொன்னாரு."